கேட்பாரற்றுக் கிடந்த பாட்டுக்கு ஜப்பானில் கிடைத்த வாழ்வு

ஆகஸ்ட் நடுவில் ஜப்பானில் ஓபோன் வருகிறது. செத்துப்போன முன்னோர்கள் சில நாள் வீட்டுக்கு வந்து தங்கிப் போவார்கள் என்பது நம்பிக்கை. அவர்களை வரவேற்று வழியனுப்பும் சடங்குகளோடு ஆட்டமும் உண்டு. பள்ளி மைதானத்திலோ கோயில் வளாகத்திலோ மரச்சட்டங்களை வைத்து உயரமாக ஒரு மேடை கட்டுவார்கள். அதற்கு யாகுரா என்று பெயர். மேலே ஒருவர் பெரிய முரசை அடிப்பார். உச்சியிலிருந்து நாலா பக்கமும் காகித விளக்குகள் தோரணமாக இறங்கும். கீழே ஊரே வட்டம் கட்டி ஆடும். போன் ஓதோரி என்கிற அந்த ஆட்டத்தைப் பார்த்தால் நமக்குக் கும்மிதான் நினைவுக்கு வரும். அதே அடவுகள் திரும்பத் திரும்ப வரும், வட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும், யார் வேண்டுமானாலும் நடுவில் நுழைந்துகொள்ளலாம்.

நாடு முழுக்க அங்கே ஒலிக்கும் பாட்டு ‘தான்கோ புஷி’. கியூஷூ தீவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுடைய பாட்டு அது. இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டுவது போல ஓர் அடவு, தோண்டியதைத் தோளுக்குப் பின்னால் எறிவது போல ஓர் அடவு, நெற்றிக்கு மேல் கையை வைத்து நிலாவைப் பார்ப்பது போல ஓர் அடவு, பிறகு கரி வண்டியைத் தள்ளுவது போல இரண்டு எட்டு. பாட்டிமார் இதைத் தூக்கத்தில்கூட ஆடுவார்கள். ஆனால் நடு ஜப்பானில், நகோயா நகரைச் சுற்றியிருக்கும் அய்ச்சி, கிஃபு மாகாணங்களில், இந்தப் பாட்டு முடிந்ததும் ஒலிபெருக்கியிலிருந்து வேறொன்று கிளம்பும். சின்தசைசர், டிரம் மெஷின், தடதடவென்று ஓடும் பேஸ் என்கிற கனத்த அடிநாதம். அதுவரை தின்பண்டக் கடைகளைச் சுற்றிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓடி வந்து வட்டத்துக்குள் புகுந்துகொள்வார்கள். அந்தப் பாட்டின் பெயர் ‘டான்சிங் ஹீரோ’. முன்னோர்களை வழியனுப்பும் திருவிழாவில் ஒலிக்கும் இந்தப் பாட்டு பிறந்தது பிரிட்டனில். பிறந்த ஊரில் அதை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

மூலப் பாட்டின் பெயர் ‘ஈட் யூ அப்’. ‘உன்னைத் தின்றுவிடுவேன்’ என்று பொருள். 1985-இல் வந்தது. பாடியவர் ஏஞ்சி கோல்ட். இயற்பெயர் ஏஞ்சலினா கைட். டோனி பேக்கர் என்பவரோடு சேர்ந்து அவரே எழுதிய பாட்டு. அப்போது பிரிட்டனின் இரவு விடுதிகளில் ‘ஹை எனர்ஜி’ என்ற நடன இசை ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்கோவின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்கோவில் இருந்த வயலின் கூட்டத்தையும் பித்தளைக் கருவிகளையும் கழற்றிவிட்டு மின்னணுக் கருவிகளை மட்டும் வைத்து வேகத்தைக் கூட்டினால் அதுதான். பேஸ் ஒரே ஸ்வரத்தைக் கீழேயும் மேலேயும் மாறி மாறி அடிக்கும். குதிரை ஓடுகிற மாதிரி இருக்கும். லண்டனின் ஓரினச் சேர்க்கையாளர் விடுதிகளில் வளர்ந்த இசை இது. 1984-இல் எவ்லின் தாமஸ் பாடிய ஒரு பாட்டுக்கே ‘ஹை எனர்ஜி’ என்று பெயர். 1985 மார்ச்சில் ‘டெட் ஆர் அலைவ்’ குழுவின் ‘யூ ஸ்பின் மீ ரவுண்ட்’ பிரிட்டனின் பாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது இந்த இசை விடுதியை விட்டு வெளியே வந்து வானொலிக்குள் நுழைந்தது.

அந்த வெள்ளத்தில் வாரத்துக்கு வாரம் புதுப் பாட்டுகள் வந்து குவிந்தன. ‘ஈட் யூ அப்’ அவற்றில் ஒன்று. விடுதிகளில் சுழன்றது, பொதுப் பட்டியலில் பெயர் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. கேட்டுப் பார்த்தால் பாட்டில் ஒரு குறையும் தெரியாது. மெட்டு சட்டென்று பிடிக்கும், பல்லவி வந்ததும் கால் தானாக ஆடும். ஆனால் அதே குணம் அந்த வருடத்தில் இன்னும் பல பாட்டுகளுக்கும் இருந்தது. முகம் தெரியாத ஒரு பாடகி, சிறிய நிறுவனம், நெரிசலான சந்தை. ஒரு பாட்டு அமுங்கிப் போக இது போதும்.

அப்புறம் எப்படி ஜப்பானுக்குப் போனது? விமானத்தில், பன்னிரண்டு அங்குல ரெக்கார்டாக. தோக்கியோ, ஒசாகா டிஸ்கோக்களில் பாட்டுப் போடும் டிஜேக்கள் இறக்குமதி ரெக்கார்டுகளைத் தேடித் தேடி வாங்கினார்கள். ஆட்டத்துக்கென்றே அச்சிட்ட பன்னிரண்டு அங்குல ரெக்கார்டில் பாட்டு நீளமாக இருக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளம் மட்டும் ஓடும். முந்தின பாட்டின் வாலோடு இந்தப் பாட்டின் தலையை ஒட்டுவதற்காக அப்படிச் செய்வார்கள். பிரிட்டன் பட்டியலில் அது எத்தனையாவது இடம் என்று ஆடுகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. தளம் நிரம்புகிறதா என்பதுதான் டிஜேவுக்குக் கணக்கு. அங்கே சாதாரணப் பாட்டு, இங்கே தளம் நிரப்பும் பாட்டு என்று ஆவதற்கு ஓர் இரவு போதும்.

தளம் நிரம்பியதற்கு இன்னொரு காரணம் காதில் இருக்கிறது. ஜப்பானின் பழைய ஜனரஞ்சக இசையான கயோக்கியோக்குவில் சோகம் கலந்த மெட்டுகள் அதிகம். ‘ஈட் யூ அப்’ மாதிரியான பாட்டுகளிலும் மெட்டைத் தனியாக முணுமுணுத்துப் பார்த்தால் ஒரு ஏக்கம் தெரியும். அடியில் ஓடும் தாளம் மட்டும் துள்ளும். மனசை உருக்கும் மெட்டும் காலை ஆட்டும் தாளமும் ஒரே பாட்டில் கிடைத்தால் விடுவார்களா? அமெரிக்க நடன இசையை விட இந்த ஐரோப்பிய வகை ஜப்பானியக் காதுக்கு நெருக்கமாக இருந்தது. அங்கே இதற்கு ‘யூரோபீட்’ என்று பெயர் நிலைத்தது. 1990-களில் இத்தாலிய இசைக்கூடங்கள் ஜப்பான் சந்தைக்கென்றே யூரோபீட் பாட்டுகளைத் தயாரித்து அனுப்பும் நிலை வந்தது. இத்தாலியில் அந்தப் பாட்டுகளைக் கேட்டவர்கள் மிகச் சிலரே.

வெளிநாட்டுப் பாட்டை ஜப்பானிய வரிகளோடு மறுபடி பாடி வெளியிடுவது அங்கே புதிதல்ல. 1979-இல் ஹிதேகி சைஜோ அமெரிக்கப் பாட்டான ‘ஒய்எம்சிஏ’வை எடுத்துப் பாடி நாட்டையே கையால் எழுத்துகளைக் காட்ட வைத்தார். 1984-இல் அசாமி கொபயாஷி இத்தாலியின் கசேபோ பாடிய ‘ஐ லைக் ஷோபான்’ பாட்டைத் தன் மொழியில் பாடி முதலிடம் பிடித்தார். அந்த வரிசையில் 1985 நவம்பர் 21 அன்று வந்ததுதான் ‘டான்சிங் ஹீரோ’. பாடியவர் யோகோ ஒகினோமே. அப்போது அவருக்கு 16 வயது, 17 ஆக மூன்று வாரம் பாக்கி. 1984-இல் தனிப் பாடகியாக அறிமுகமாகி ஆறு சிங்கிள்கள், அதாவது தனிப்பாட்டு ரெக்கார்டுகள், வெளியிட்டிருந்தார். பெரிய பெயர் வரவில்லை. இது ஏழாவது.

பாட்டு எப்படி உடை மாற்றிக்கொண்டது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏஞ்சி கோல்டின் மூல ரெக்கார்டே ஜப்பானில் வேறு தலைப்போடுதான் வெளியானது. ‘சுதெகி நா ஹை எனர்ஜி போய்’, அதாவது ‘அருமையான ஹை எனர்ஜிப் பையன்’. தின்றுவிடுவேன் என்று மிரட்டிய தலைப்பு, பையனை ரசிக்கும் தலைப்பாகிவிட்டது. ஒகினோமேயின் பாட்டுக்கு ஜப்பானிய வரிகள் எழுதியவர் ஹிதோஷி ஷினோஹாரா. அவர் இன்னும் ஒரு படி தள்ளிப் போனார். சிண்ட்ரெல்லாக் கதையைத் தலைகீழாக்கிப் பையனைச் சிண்ட்ரெல்லாவாக்கினார். பெண்தான் ஆட அழைக்கிறாள், இன்றிரவு மட்டுமாவது சிண்ட்ரெல்லாப் பையனாக இரு என்கிற பாவனையில். 16 வயதுப் பெண் பாட வேண்டிய பாட்டுக்கு இது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். மிரட்டல் போய்விட்டது, துணிச்சல் மட்டும் மிஞ்சியது.

நள்ளிரவு மணி அடித்தால் மாயம் கலையும் கதைக்கு அந்த வருடத்தில் இன்னொரு பொருத்தமும் இருந்தது. ஜப்பானில் பொழுதுபோக்கு விடுதிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் திருத்தப்பட்டு 1985 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்படி டிஸ்கோக்கள் நள்ளிரவோடு ஆட்டத்தை நிறுத்த வேண்டும். ஷினோஹாரா இதை மனசில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் பன்னிரண்டு மணிக்குத் தளத்தை விட்டு வெளியேறிய இளசுகளுக்குச் சிண்ட்ரெல்லா என்ற சொல் வெறும் தேவதைக் கதையாக இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜப்பானின் பாட்டு விற்பனைப் பட்டியலான ஒரிக்கானில் பாட்டு ஐந்தாம் இடம் வரை ஏறியது. ஒகினோமே நட்சத்திரமானார். அதோடு கதவும் திறந்துகொண்டது. 1986-இல் அகெமி இஷியி பாடிய ‘சா-சா-சா’ அந்த வருடத்தில் அதிகம் விற்ற சிங்கிளாக ஆனது. அதன் மூலமும் ஓர் இத்தாலிய நடனப் பாட்டு. 1988-இல் ‘விங்க்’ என்ற இருவர் குழு ஆஸ்திரேலியப் பாடகி கைலி மினோக்கின் ‘டர்ன் இட் இன்டு லவ்’ பாட்டை எடுத்து முதலிடம் பிடித்தது. கைலியின் குரலில் அந்தப் பாட்டு பிரிட்டனில் சிங்கிளாகக்கூட வரவில்லை, ஆல்பத்துக்குள் ஒரு மூலையில் கிடந்தது. ஹாங்காங்கிலும் இதே காலத்தில் இதே வேலை நடந்தது. 1986-இல் பிரிசில்லா சான் ‘ஈட் யூ அப்’ மெட்டைக் கான்டனீஸ் மொழியில் ‘நடனத் தெரு’ என்று பொருள்படும் தலைப்போடு பாட, அங்கேயும் அது பெரும் பாட்டாயிற்று. ஒரே மெட்டு, பிறந்த இடத்தில் அமுங்கி, இரண்டு ஊர்களில் கொடி கட்டிப் பறந்தது.

இப்போது ஒரு சின்ன விலகல். ஜப்பானியர்கள் ‘டான்சிங் ஹீரோ’வைக் கேட்டால் ‘பபிள்’ காலம் என்பார்கள். நிலமும் பங்கும் கண்மண் தெரியாமல் விலை ஏறிய அந்தப் பொருளாதாரக் குமிழிக் காலத்தின் பாட்டாகத்தான் அது நினைவில் நிற்கிறது. தேதிகளை வைத்துப் பார்த்தால் கொஞ்சம் இடிக்கும். யென் மதிப்பை ஏற்றி, குமிழிக்கு வழிவிட்ட பிளாசா ஒப்பந்தம் நியூயார்க்கில் கையெழுத்தானது 1985 செப்டம்பர் 22 அன்று. அதற்கு இரண்டே மாதம் கழித்து இந்தப் பாட்டு வந்துவிட்டது. குமிழி ஊதத் தொடங்கியதே அடுத்த வருடம்தான். நிக்கேய் பங்குக் குறியீடு உச்சம் தொட்டது 1989 டிசம்பர் கடைசியில். உடம்பை ஒட்டிய உடையும் இறகு விசிறியுமாகப் பெண்கள் மேடையில் ஆடுவது போல நாம் பார்க்கும் ‘பபிள்’ படங்கள் பெரும்பாலும் 1991-இல் தோக்கியோவில் திறந்த ஜூலியானா டிஸ்கோவைச் சேர்ந்தவை. அது திறந்தபோது குமிழி உடைந்தே போயிருந்தது. மூன்று வெவ்வேறு காலங்களை மக்கள் மனசு ஒன்றாகச் சுருட்டி, அந்தச் சுருளின் மேல் இந்தப் பாட்டை ஒட்டிவிட்டது. பாட்டு என்றால் நினைவு இப்படித்தான் வேலை செய்யும்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக 1985-ஐச் சொல்லிவிட்டு நேராகப் பாட்டு மறுபடி பேசப்பட்ட 2017-க்குத் தாவிவிடுவார்கள். நடுவிலுள்ள முப்பது வருடம் காணாமல் போய்விடும். எனக்கு அதில் மனவருத்தம் உண்டு. பாட்டைக் காப்பாற்றியது அந்த நடு வருடங்கள்தான். டிஸ்கோக்கள் மூடின, குமிழி உடைந்தது, கடன் வந்தது, இசை ரசனை மாறியது. வானொலி இந்தப் பாட்டைப் பழைய பாட்டாக ஒதுக்கிவிட்டது. ஆனால் 1990-களிலிருந்து அய்ச்சி, கிஃபு ஊர்களின் போன் ஓதோரி வட்டங்களில் அது வருடம் தவறாமல் ஒலித்தது.

அங்கே போய்ச் சேர்ந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. ஊர்த் திருவிழாவை நடத்துகிறவர்களுக்கு எப்போதும் ஒரு கவலை உண்டு: பாட்டிமார் ஆடுகிறார்கள், பேரப்பிள்ளைகள் ஓரமாக நிற்கிறார்கள். பிள்ளைகளை உள்ளே இழுக்க வேகமான பாட்டு வேண்டும். அதே சமயம் வயதானவர்கள் தடுமாறக் கூடாது. ‘டான்சிங் ஹீரோ’ இரண்டுக்கும் ஒத்துவந்தது. எட்டு எட்டாக எண்ணிக் கட்டக்கூடிய நேரான தாளம். சரணமும் பல்லவியும் ஒழுங்காகத் திரும்பி வரும், எனவே அடவுகளையும் அப்படியே திருப்பிப் போடலாம். தான்கோ புஷி ஆடத் தெரிந்த காலுக்கு இது வேகம் கூடிய அதே வேலைதான். ஜெர்மனியில் உருவான ‘போனி எம்’ குழுவின் ‘பஹாமா மாமா’வும் இதே வழியில் ஜப்பானின் சில ஊர்த் திருவிழாக்களுக்குள் நுழைந்து தங்கிவிட்டது. மேற்கத்தியப் பாட்டு, யுகாத்தா என்கிற கோடைக்கால ஜப்பானிய உடை உடுத்த கூட்டம், நடுவில் முரசு. முதல் தடவை பார்ப்பவருக்கு வினோதமாக இருக்கும், ஆடுகிறவர்களுக்கு அதில் வினோதம் எதுவும் இல்லை.

இதன் விளைவு பெரியது. ஒரு பாட்டைக் கேட்டு வளர்வது ஒன்று, ஆடி வளர்வது வேறு. கேட்ட பாட்டு மறந்துபோகும். ஐந்து வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடிய பாட்டு உடம்பில் தங்கிவிடும். அந்தப் பகுதியில் வளர்ந்த பலருக்கு ஒகினோமே என்ற பாடகியைத் தெரிவதற்கு முன்பே அவருடைய பாட்டுக்கு எந்தக் கையைத் தூக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

சரி, 2017-க்கு வருவோம். ஒசாகா மாகாணத்தில் சகாய் நகரத்தில் தோமியோக்கா என்ற அரசு உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அதன் நடனக் குழு 2015, 2016 இரண்டு வருடமும் அகில ஜப்பான் உயர்நிலைப் பள்ளி நடனப் போட்டியில் வென்ற குழு. பயிற்சி கொடுத்தவர் அக்கானே, அதே பள்ளியில் படித்த நடன அமைப்பாளர். 2017 ஆகஸ்ட் போட்டிக்கு அவர் எடுத்துக்கொண்ட பாட்டு ‘டான்சிங் ஹீரோ’.

அந்த ஆட்டத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. பள்ளி மாணவிகள் தோள்பட்டையில் பட்டை பட்டையாக மெத்தை வைத்த கோட்டு, முழங்காலுக்கு மேல் நிற்கும் ஒட்டிய பாவாடை, கொத்தாகச் சுருட்டி நிமிர்த்திய முன்முடி, கரியால் வரைந்த மாதிரி தடித்த புருவம், ரத்தச் சிவப்பு உதட்டுச்சாயத்தோடு வரிசையாக வந்து நிற்கிறார்கள். முகத்தில் சிரிப்பு இல்லை, ஒரு திமிர். பாட்டு தொடங்கியதும் அத்தனை பேரும் ஒரே கோட்டில், ஒரே கோணத்தில், மிகக் கடினமான அசைவுகளை வேகம் குறையாமல் செய்கிறார்கள். வேடம் கேலிக்கூத்து மாதிரி இருக்கும், ஆட்டத்தில் விளையாட்டுக்கே இடமில்லை. கண்ணை எடுக்க முடியாமல் வைப்பது அந்த இரண்டும் சேர்ந்த சேர்க்கைதான். அந்தச் சமயத்தில் ஹிரானோ நோரா என்ற நகைச்சுவை நடிகை குமிழிக் காலத்துப் பெண்ணாக வேடமிட்டுத் தொலைக்காட்சியில் கலக்கிக்கொண்டிருந்தார். 1985-இல் அறிமுகமான, தோளில் மாட்டும் மூன்று கிலோ தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு ஜப்பானியரின் ‘ஹலோ’வான ‘மொஷி மொஷி’யைத் திருப்பிப் போட்டு ‘ஷிமோ ஷிமோ’ என்பார். ஆகவே அந்தக் காலம் ஏற்கெனவே ஊர்ப் பேச்சில் இருந்தது. மாணவிகள் அதற்கு ஒரு முழு நடனத்தைக் கொடுத்தார்கள்.

போட்டியில் கிடைத்தது இரண்டாம் இடம். பிறகு வந்த ‘பபிளி டான்ஸ்’ வீடியோவைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை கோடிகளில் போனது. அலுவலக விழாக்களில், கல்யாண விருந்துகளில் எல்லாம் அதை ஆடினார்கள். 32 வருடப் பழைய பாட்டு புதுப் பாட்டுகளோடு பட்டியலில் மறுபடி ஏறியது. அந்த டிசம்பர் 30 அன்று ஜப்பான் ரெக்கார்ட் விருது விழாவில் ஒகினோமேயும் தோமியோக்கா நடனக் குழுவும் சேர்ந்து சிறப்பு விருது வாங்கினார்கள். மேடையில் நின்றபோது பாடகிக்கு வயது 49. சுற்றி நின்றவர்கள் 2000-த்தை ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். பாட்டு வந்தபோது அவர்களுடைய அம்மாக்களே பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

அந்தப் பிள்ளைகளின் ஆட்டம் நாடு முழுக்கப் பரவியதற்கு இணையத்தை மட்டும் காரணம் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். இணையத்தில் தினமும் ஆயிரம் ஆட்டம் ஏறுகிறது, அடுத்த வாரம் ஒன்றும் நினைவில் இல்லை. இந்தப் பாட்டு ஒலித்ததும் ஐம்பது வயதுக்காரருக்குத் தன் டிஸ்கோ இரவும், நகோயாப் பக்கத்து முப்பது வயதுக்காரருக்குத் தன் ஊர்த் திருவிழாவும் சேர்ந்து எழுந்தன. பதினாறு வயதுப் பெண்ணுக்கு மட்டும்தான் அது புதுப் பாட்டு. மூன்று தலைமுறைக்கும் ஆளுக்கொரு கதவு திறந்தே இருந்தது. அந்தக் கதவுகளைப் பூட்டாமல் வைத்திருந்தது யார் என்று கேட்டால், ஒவ்வோர் ஆகஸ்டிலும் விளக்குத் தோரணம் கட்டிய பெயர் தெரியாத ஊர்க்காரர்களைத்தான் நான் காட்டுவேன்.

பிரிட்டனில் எழுதியவர்களின் பெயர் மட்டும் எங்கேயும் அழியவில்லை. வரி மாறினாலும் மெட்டு அவர்களுடையது. அதனால் ஜப்பானிய வெளியீட்டில் ஷினோஹாராவின் பெயரோடு கைட், பேக்கர் என்ற இரண்டு பெயர்களும் இருக்கின்றன. வட்டத்தில் ஆடுகிறவர்கள் யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. தான்கோ புஷியில் நிலாவைப் பார்த்த கை கீழே இறங்குகிறது, கரி வண்டி தள்ளப்படுகிறது, முரசு ஒரு நொடி நிற்கிறது, டிரம் மெஷின் கிளம்புகிறது, பிள்ளைகள் ஓடி வருகிறார்கள்.